பரிசு வாங்கிய வளவு

என் தங்கச்சியின் மாப்பிள்ளைக்கு இலை என்றால் ஆகாது. மரத்தில் நிற்கிற இலையை ஒருவிதமாகப் பொறுத்துக்கொள்வார். அது நிலத்தில் விழுந்துவிட்டால், யாரோ வேண்டுமென்றே அவருடைய முகத்தில் துப்பிவிட்ட மாதிரி நடந்துகொள்வார். பதினாலு வருடம் கட்டாரில் இருந்தவர். அங்கே மரமில்லை, அதனால் குப்பையில்லை, அதனால்தான் அந்த நாடு முன்னேறியது என்று ஒருநாள் கோழிக்கால் ஒன்றைக் கடித்துக்கொண்டே எனக்கு விளக்கினார். நான் நிந்தவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அப்படியான விளக்கங்களை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்களையாவது திருத்தலாம்.

எங்கள் வீடுகள் சாய்ந்தமருதில், மெயின் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கின்றன. எங்கள் ஊர்ப்பக்கம் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண்வீட்டுக்குப் போய்விடுவான். உம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அதனால் உம்மாவின் வளவில் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி தங்கச்சிக்கு. பின்பக்கத்துக் கிணறு பொது. பிரித்ததெல்லாம் உறுதிக் கடதாசியில்தான். நிலத்தில் கோடு எதுவும் இருக்கவில்லை.

தோட்டம் என்ற சொல்லை நாங்கள் பாவிப்பதில்லை. தோட்டம் என்றால் எங்களுக்கு மலைநாட்டில் தேயிலை நிற்கிற இடம். நாங்கள் வைத்திருந்தது வளவு. வளவின் முன்பக்கம் ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும் உரியது. வெள்ளை மணலைப் பெருக்கி, ஈர்க்கில் கோடு தெரியும்படி விட்டிருப்போம். பின்பக்கம் பெண்களுடையது. கிணற்றடித் தண்ணீரும் குசினி கழுவிய தண்ணீரும் ஓடுகிற வழியில் வாசத்துக்கு ரம்பை, கறிவேப்பிலை, உறைப்புக்குக் கொச்சிக்காய், வல்லாரை, பெருநாளைக்கு மருதோண்டி என்று எல்லாம் நிற்கும். தலையில் முக்காடு இல்லாமல் ஒரு பெண் வெயிலில் நிற்கக்கூடிய இடம் ஊரிலேயே அது ஒன்றுதான். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இப்போது வீட்டுத்தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், வளவுதான் இல்லை.

எங்கள் வளவில் ஒரு மாமரம் நின்றது. தங்கச்சியின் பாதியில், வீட்டுக்குப் பக்கத்தில். பழம் புளிப்பு, நார் அதிகம். ஆனால் கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு உம்மா அந்த மரத்தின் கவட்டைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் தப்பினா. இடுப்புவரை சேறும், கையில் பட்டை உரசிய காயமுமாக உம்மாவை அந்த மரத்திலிருந்துதான் இறக்கினோம். பிறகு மண்ணில் உப்பு ஏறி மற்றதெல்லாம் செத்தது. மாமரம் ஒரு வருடம் காய்க்காமல் நின்றுவிட்டு மறுபடி காய்த்தது. அது பெரிய அதிசயம் என்று நான் சொல்லவில்லை. மரம் அப்படித்தான் செய்யும்.

உம்மா மௌத்தாகி அடக்கி ஒரு வருடம் முடிவதற்குள் தங்கச்சியின் மாப்பிள்ளை கட்டாரை விட்டு வந்து சேர்ந்தார். மெயின் ரோட்டில் குளியலறைச் சாமான்கள் விற்கிற கடை திறந்தார். பிறகு வீட்டைத் திருத்தத் தொடங்கினார். முன்பக்க மணலை அள்ளி எறிந்துவிட்டு, சாம்பல் நிறமும் சிவப்பு நிறமும் மாறிமாறி வரும்படி இன்டர்லொக் கல் பதித்தார். பக்கவாட்டிலும் பதித்தார். கடைசியில் குசினி வாசல்வரைக்கும் வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பாய் அளவுக்குப் பச்சை பிளாஸ்டிக் புல் விரித்தார். ஹோலுக்குள்ளே சுவர் முழுக்க ஒரு நீர்வீழ்ச்சிப் படம் ஒட்டினார். பின்னால் லைட் போட்டால் தண்ணீர் ஓடுவது போலத் தெரியும். வருகிறவர்களிடம், சுவர்க்கம் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லுவார். படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் ரோஜாக்கள் இருந்தன. அவற்றில் தூசி படிகிறது என்று வெள்ளிக்கிழமை தோறும் தங்கச்சி ஒரு வாளியில் சவர்க்காரத் தூள் கரைத்து ஒவ்வொரு பூவாகக் கழுவிக் காயவைப்பாள். மனிதர் சுவர்க்கத்துக்கு ஆசைப்படுகிறார், ஆனால் அங்கேயும் இலை விழாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

மாமரத்தை நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் வெட்டினார். இரண்டரை மணிக்கு பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியபோது வெளிச்சம் கூடிப்போயிருந்தது. நான் வழி மாறி வந்துவிட்டேனோ என்று நின்றுவிட்டேன். மரத்தைத் துண்டு போட்டு லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏன் வெட்டின?” என்று கேட்டேன்.

“வேன்ல எல்லாம் பிசின், மதினி. இலையும் கொட்டுது. கிளீனா இரிக்கணும்தானே.”

“உம்மாட உசிரக் காப்பாத்தின மரம்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: “உம்மாதான் மௌத்தாயிட்டாவே.”

அவருடன் கதைத்துப் பிரயோசனமில்லை என்று அந்த நிமிடம் முடிவுசெய்தேன். கோபத்தைக் காட்டுவதற்கு எனக்கு வேறு ஆள் இருந்தாள். தங்கச்சி குசினி வாசலில் பூக் கழுவுகிற வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“நீ பாத்துக்கிட்டா நிண்ட?” என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“இனி உங்கட வீட்டு ஆக்கள் ஒருத்தரும் என்ட பக்கம் கால் வைக்கப்படாது. நீயும்தான்.”

“சரி ராத்தா,” என்றாள்.

சின்ன வயதிலிருந்தே அவளிடம் எதைச் சொன்னாலும் இந்தச் சரிதான் வரும். நான் படித்தேன், அவள் பத்தோடு நின்றாள். நான் கதைத்தேன், அவள் கேட்டாள். அவளுக்கு முதுகெலும்பு இல்லை என்று எத்தனையோ வருடமாக நான் நம்பியிருந்தேன். அன்றைக்கு அது நிரூபணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து அவர் இரண்டு பாதிக்கும் நடுவில் தகரம் அடித்தார். என்னுடைய பக்கத்து இலை அவருடைய கல்லில் விழக் கூடாதாம். தகரம் கிணற்றடிவரை வந்து நின்றது. கிணறு பொது என்று உறுதியில் இருந்ததால் அதற்கு மேலே அவரால் அடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் பயிர் செய்யத் தொடங்கினேன். மண்ணில் ஆசைப்பட்டுச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். வன்மத்தில் செய்தேன். என் மாப்பிள்ளை இப்போது உயிரோடு இல்லை. மகன்மார் இரண்டு பேரும் கல்யாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போய்விட்டார்கள். வன்மத்துக்கு நிறைய நேரம் இருந்தது. தகரத்துக்கு மேலால் தெரியும்படி முருங்கை வைத்தேன். பயிற்றங்கொடியைத் தகரத்திலேயே ஏறவிட்டேன். வாழை, கொச்சிக்காய், கத்தரி, இன்னும் என்ன கிடைத்ததோ எல்லாவற்றையும் நட்டேன். காலையில் ஆறரைக்கு பஸ் பிடிக்க வேண்டும், அதனால் பின்னேரம் ஒரு தடவை ஹோஸ் பைப்பைப் பிடித்து எல்லாவற்றுக்கும் மேலால் தண்ணீர் அடிப்பேன். எல்லாம் நன்றாக வந்தன. கொச்சிக்காய் கொட்டிக் காய்த்தது. நான் நட்ட ஞாபகமே இல்லாத ஒரு பாகற்கொடி கிணற்றடியில் தானாக முளைத்து, பந்தல் கேட்டுக்கொண்டு நின்றது.

ஆசிரியர் அறையில் பையைத் திறந்து கத்தரிக்காய் பகிர்ந்து கொடுக்கையில் எனக்குக் கைராசி என்று சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. “எங்கட தங்கச்சியொருத்தி இரிக்காள், பிளாஸ்டிக் பூவக் குளிப்பாட்டுறவள்,” என்று கதை சொல்லிச் சிரிக்க வைத்தேன். அந்தக் கதையை நான் பல தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சவர்க்கார நுரை கொஞ்சம் கூடியது.

பிறகு நாடு கவிழ்ந்த வருடம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. மரக்கறி லொறி வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. எல்லாரும் வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொல்லி, அரசாங்கக் கந்தோர் ஆட்களுக்கு அதற்கென்று வெள்ளிக்கிழமை லீவும் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் லீவு கிடைத்தவர்கள் வெள்ளிக்கிழமைகளில் நன்றாகத் தூங்கினார்கள். அதுவரை மரத்தை வெட்டிக் கல் பதித்து, கிணற்றை மூடி, மதில் கட்டி முடித்திருந்த ஊர் அது. திடீரென்று பெயின்ட் வாளிக்குள் மண்ணை நிரப்பி இரண்டு தக்காளிக் கன்றை வைத்து, அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பத் தொடங்கியது. அந்தக் கன்றுகளில் ஒன்றாவது காய்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் வீட்டுத்தோட்டப் போட்டி என்று ஓர் அறிவித்தல் வந்தது. தங்கச்சியின் மாப்பிள்ளை பெயர் கொடுத்தார். உள்ளூர் எலக்சனில் வோட்டுக் கேட்கிற எண்ணம் அவருக்கு இருந்தது. பரிசளிப்புக்குப் பெரிய ஆட்கள் வருவார்கள், போட்டோ வரும், அதை நோட்டீசில் போடலாம் என்பது கணக்கு. அவருடைய பாதியில் உயிரோடு இருந்த பச்சை, கல்லின் இடுக்கில் முளைத்திருந்த கொஞ்சம் புல். அதற்கும் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பின்னேரம் என் வாசலில் வந்து நின்று சலாம் சொன்னார். கையில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு இருந்தது.

“மதினி, ஒரே வளவுதானே,” என்று தொடங்கினார்.

“எது?”

“நம்மடதுதான். உம்மாட வளவு. நாம நடுவுல தகரத்த அடிச்சி வச்சிரிக்கம்.”

“நாம அடிக்கல்ல. நீங்க அடிச்ச.”

“சரி, நான்தான். அத ஒரு நாளைக்கிக் கழட்டுவம். பாக்க வாறவங்களுக்கு முழு வளவும் ஒண்டாத் தெரியணும். பேர் ஆர்ட பேரா இரிந்தா என்ன, குடும்பத்துக்குத்தானே பெரும.”

சொல்லும்போது முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. மஸ்கட் பெட்டியை என் படியில் வைத்தார். நான் அவரைப் போகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கான வார்த்தைகள் எல்லாம் என்னிடம் இரண்டு வருடமாகத் தயாராக இருந்தன. ஆனால் எனக்குள் வேறொன்று எழும்பியது. வருகிறவர்கள் படித்தவர்கள், பயிரை வாசிக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் என் கொச்சிக்காயைப் பார்க்கட்டும், என் வாழையைப் பார்க்கட்டும். கேள்வி கேட்கும்போது அவருக்குப் பதில் தெரியாது, அப்போது நான் பதில் சொல்லுவேன். அது யாருடைய வளவு என்று அவர்களுக்கு விளங்கிவிடும். அவரை நடுவில் நிறுத்தி அவமானப்படுத்துகிற காட்சி எனக்கு மிகவும் இனித்தது.

“ஓம், கழட்டுங்க,” என்றேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மேலதிகாரி ஒருவர், எங்கள் பகுதிக் கிராம சேவகர், விவசாயப் போதனாசிரியையாக வேலை செய்கிற ஒரு இளம்பெண். அதிகாரி கதிரை கேட்டு உட்கார்ந்து செவ்வரத்தைச் சர்பத் குடித்தார். கிராம சேவகர் அவருக்கு விசிறினார். படிவமும் பென்சிலுமாக வளவுக்குள் இறங்கியது அந்தப் பெண் மட்டும்தான். பிளாஸ்டிக் புல்லில் கால் வைத்ததும், எதையோ மிதித்துவிட்டது போல விலகி நடந்தாள். அவளை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

தங்கச்சியின் மாப்பிள்ளை வெள்ளை ஜுப்பா போட்டு அத்தர் பூசியிருந்தார். இயற்கை என்பது நமக்குக் கிடைத்த அமானிதம் என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் எழுதவில்லை. கையை நீட்டி, “இது என்ன கொடி?” என்று கேட்டாள்.

“இதா? இது... நம்மட ஊர்க் கொடி.”

“பேர் என்ன?”

“கொடிதான். சாப்பாட்டுக்கு நல்லது.”

“பாகல் இது,” என்று அவளே சொல்லி எழுதினாள். “எப்ப போட்டீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஓரடி முன்னால் வந்து வாயைத் திறந்தேன். திறந்த பிறகு விளங்கியது, எனக்குத் தெரியாது. அது தானாக முளைத்தது என்று நான் நினைத்திருந்தேன். தானாக முளைத்தது என்று ஒரு விஞ்ஞான ரீச்சர் விவசாயப் போதனாசிரியையிடம் சொல்லலாம்தான். ஆனால் அதற்கு மூங்கில் கம்பு நட்டு, கயிறு கட்டி, பந்தல் போட்டிருந்தது. அந்தப் பந்தலை இரண்டு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டு போய்வந்தேன். அதை யார் போட்டது என்று ஒரு நாளாவது யோசிக்கவில்லை. நான்தான் ஏதோ ஒரு நாள் போட்டிருப்பேன் என்று வைத்துக்கொண்டேன்.

பின்னால் இருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

“நோன்புப் பெருநாள் முடிஞ்சி பத்தாம் நாள் போட்டன். விதை வீரமுனைல இருந்து கீரை கொண்டுவாற அக்கா தந்த.”

அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். “பொன்னாங்காணி?”

“அதுவும் அவதான். தண்டு தந்த. முதல் வச்சது பிடிக்கல்ல, கிணத்துத் தண்ணில உப்பு. பொறகு மழத் தண்ணி பிடிச்சி வச்சி ஊத்தின.”

“கத்தரிக்குப் பூச்சி வரல்லையா?”

“வந்த. நுனி வாடினத எல்லாம் முறிச்சி எடுத்து எரிச்சன். கிழமைக்கி ரெண்டு தரம் பாக்கணும். இலைக்குக் கீழால பாக்கணும்.”

“நத்தைக்கு உப்புப் போடுறீங்களா?”

“இல்ல. உப்புப் போட்டா மண் கெட்டுப் போகும். கையால பொறுக்கி வாளிக்குள்ள போடுவன்.”

அந்தப் பெண் இப்போது வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். “தண்ணி எந்நேரம் விடுறீங்க?”

தங்கச்சி ஒருதரம் என்னைப் பார்த்தாள். “ராத்தா பஸ்ஸுக்குப் போன பொறகு,” என்றாள்.

தங்கச்சியின் மாப்பிள்ளை பெரிதாகச் சிரித்தார். “எல்லாம் நம்மட வீட்டு ஆக்கள்தானே,” என்றார். அவருக்கு நடந்தது ஒன்றும் விளங்கவில்லை. தன்னுடைய மனைவி இரண்டு வருடமாக எங்கே போய்வந்தாள் என்பதும், மதினி ஏன் வாயைத் திறந்தபடி நிற்கிறாள் என்பதும் அவருக்குத் தேவையில்லாத விசயங்கள். படிவத்தில் பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு நான் கிணற்றடிக்குப் போனேன். தங்கச்சி கிளாசுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எத்தின நாளா?” என்று கேட்டேன்.

“மரம் வெட்டின மாசத்துல இருந்து.”

“நான்தான் வரப்படாதெண்டு சொன்னன்.”

“ஓம். அதாலதான் நீங்க போன பொறகு வந்த. அவரும் எட்டு மணிக்குக் கடைக்குப் போயிடுவாரு.”

“ஏன் வந்த?”

கையில் இருந்த கிளாசைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்: “கொச்சிக்கா செத்துக்கிட்டு இரிந்திச்சி ராத்தா. நீங்க வேருக்குத் தண்ணி விடல்ல. இலைக்குத்தான் விட்டீங்க. வெயில் நேரம் இலைல தண்ணி நிண்டா கருகிப்போகும்.”

இதை ஏழாம் வகுப்புக்கு நான் படிப்பிக்கிறேன். வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று கரும்பலகையில் படம் கீறி அம்புக்குறி போட்டு, பிள்ளைகளைக் கொப்பியில் கீறச் சொல்லி, சரியாகக் கீறாதவர்களைத் திட்டியிருக்கிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து இலைக்குத் தண்ணீர் அடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தால் வரும்போது மண் ஈரமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். அது வாழையின் நிழலால் என்று நினைத்தேன். புழு குறைந்ததற்கு, எப்போதோ ஒருநாள் நான் தெளித்த வேப்பிலைத் தண்ணீர் காரணம் என்று நினைத்தேன். ஒரு பிள்ளை பரிசோதனை செய்துவிட்டு இப்படி முடிவு எழுதியிருந்தால் பூச்சியம் போட்டிருப்பேன். நான் கைராசி என்று போட்டேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.  “அந்தப் பந்தல் கொஞ்சம் சாய்ஞ்சி கிடக்கு,” என்று சொன்னேன். “ஓம், நாளைக்கி நிமித்துறன்,” என்றாள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு தண்ணீர் தெளிக்கிற வாளி, விதைப் பைக்கட்டுகள், அவருடைய பெயர் போட்ட ஒரு சான்றிதழ். முதலாம் பரிசு வாங்கியவர், பார்வையிட வருகிறார்கள் என்று நேர்சரியில் இருந்து நாற்பது சாடிக் கன்று இறக்கி, முடிந்ததும் திருப்பி ஏற்றியனுப்பினார் என்று ஊரெல்லாம் கதை. அதைத் தங்கச்சியின் மாப்பிள்ளை மிகவும் கண்டித்தார். மனிதர்களிடம் நேர்மை இல்லாமல் போய்விட்டது என்று கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவருடைய தலைக்கு மேலே சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பரிசளிப்புப் போட்டோவில் அவரும் அதிகாரியும் மட்டும் நிற்கிறார்கள். ஓரத்தில் ஒரு பர்தாவின் கை தெரியும். அது என் தங்கச்சி. மிச்சத்தை வெட்டிவிட்டார். அவர் கேட்கக் காத்திருந்த எலக்சனையும் பிறகு ஒத்திவைத்துவிட்டார்கள், நோட்டீஸ் கட்டுகள் கடைக்குப் பின்னால் கறையான் தின்னக் கிடந்தன.

பரிசளிப்பு முடிந்த மறுநாள் தகரத்தைத் திருப்பி அடிக்க ஆள் வரும் என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போனார். கழற்றிய தகரங்கள் மதிலோரம் சாத்திக் கிடந்தன. அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிபோல, வீரமுனையில் இருந்து கீரை கொண்டுவருகிற அந்தப் பெண்மணி தலையில் கூடையோடு வந்தா. அவவுக்கு அறுபது வயதிருக்கும். நான் அவவிடம் எத்தனையோ தடவை கீரை வாங்கியிருக்கிறேன், பேரம் பேசியிருக்கிறேன், வேறெதுவும் கதைத்ததில்லை. தங்கச்சி அவவோடு நின்று கொஞ்சம் கதைத்தாள். பிறகு ஒரு த்ரீவீலர் வந்தது. இரண்டு பேருமாகத் தகரங்களைத் தூக்கி மேலே கட்டினார்கள். மூன்றாம் தடவைக்கு நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.  கீரைக்காரப் பெண்மணியின் கோழிக்கூட்டுக்குக் கூரை இல்லாமல் கிடக்கிறதாம். த்ரீவீலர் போய்விட்டது.

பகல் சாப்பாட்டுக்கு வந்த மாப்பிள்ளை தகரம் எங்கே என்று சத்தம் போட்டார். மதிலுக்கு வெளியிலும் கேட்டது.

“குடுத்திட்டன்,” என்றாள் தங்கச்சி.

“ஆர்ட்டக் கேட்டுக் குடுத்த?”

“எனக்குப் போகவர ஏலாமக் கிடந்திச்சி.”

“போகவரவா? எங்க போகவர?”

“அங்கால.”

அவள் சோறு போட்டு வைத்தாள். அவர் சத்தம் போட்டுக்கொண்டே சாப்பிட்டார். அவளுடைய முகத்தில் பழைய ‘சரி’ இருந்ததா என்று கவனித்துப் பார்த்தேன். இருந்தது. ஆனால் அது ஆமாம் என்ற அர்த்தத்தில் சொல்லப்படுகிற சரி இல்லை, நீ சொல்லி முடி, பிறகு நான் என் வேலையைப் பார்க்கிறேன் என்கிற சரி என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரே வீட்டில் வளர்ந்து ஐம்பது வருடத்துக்குக் கிட்டே ஆன பிறகு தெரிந்தது. ஒரு கிழமை கழித்து, வறிய குடும்பமொன்றுக்குத் தகரம் அன்பளிப்புச் செய்ததாக அவர் கடையில் சொல்லிக்கொண்டிருந்ததையும் கேட்டேன். நான் திருத்தவில்லை. அவரைத் திருத்துவதை விட்டு நாளாகிவிட்டது.

அடுத்த மாதம் தங்கச்சி ஓர் அலவாங்கை எடுத்துக் குசினிக்குப் பக்கத்தில் இன்டர்லொக் கற்களைக் கிளப்பினாள். முதல் நாள் ஆறு கல். பைப் ஒழுகுகிறது, பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்னாள். அடுத்த கிழமை இன்னும் எட்டு. கல்லுக்குக் கீழே வெள்ளை மணல் அப்படியே இருந்தது, ஆனால் உயிரில்லாமல், சவர்க்காரக் கட்டி மாதிரி இறுகிப்போயிருந்தது. கிண்டி, சாணம் போட்டு, உக்கிய இலை போட்டு, என் பக்கத்தில் இருந்து வாளியில் மண்ணைக் கொண்டுபோனாள். நானும் கொண்டுபோனேன். அவர் சிலநேரம் வந்து நின்று, “பைப் இன்னும் ஒழுகுதா?” என்று கேட்பார். “ஓம்,” என்பாள். இப்படி ஒரு வருடம் அந்தப் பைப் ஒழுகியது. அவருக்கு விளங்கியிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சோற்றுக்கு நாளுக்கு இரண்டு கீரை வந்தது, அதனால் கேட்பதை விட்டுவிட்டார்.

அந்த விவசாயப் போதனாசிரியை ஒருநாள் வந்து, நிந்தவூரில் பெண்களுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, தங்கச்சி வந்து கதைக்க வேண்டும் என்று கேட்டாள். சான்றிதழ் தன் பெயரில் இருப்பதால் தானே வந்து பேசுவதாக மாப்பிள்ளை சொன்னார். பெண்களுக்கான கூட்டம் என்று அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டார். தங்கச்சி தனியாகப் பஸ் ஏறிப் பழக்கமில்லாதவள். நான் கூடப் போனேன்.

கூட்டத்தில் நாற்பது பேர்வரை இருந்தார்கள். பட்டணத்தில் இருந்து வந்திருந்த ஓர் அம்மணி மைக்கைப் பிடித்துக்கொண்டு, தோட்டம் என்பது பெண்ணின் மனதுக்குள் இருக்கிற வசந்தம் என்று நீளமாகப் பேசினா. எனக்கு எழும்பிப் போய்விடலாம் போல இருந்தது. பிறகு தங்கச்சியை முன்னுக்குக் கூப்பிட்டு, அதே குரலில், “உங்கட வாழ்க்கையில தோட்டம் எண்டா என்ன? உங்களுக்கு அது என்ன அர்த்தம் தருது?” என்று கேட்டு மைக்கை நீட்டினா.

தங்கச்சி அந்த மைக்கைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மணியைப் பார்த்தாள்.

“அதெல்லாம் எனக்குத் தெரியா,” என்றாள். “பசளிக் கீரைய முத்துறதுக்கு முதல் வெட்டணும். வெட்டினா இன்னும் வளரும்.”

அம்மணி சிரித்துச் சமாளித்து மைக்கைத் திருப்பி எடுக்கப் பார்த்தா. ஆனால் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழும்பி, எங்கட பசளிக்கு இலையில ஓட்டை ஓட்டையா வருகுது, என்ன செய்ற என்று கேட்டாள். இன்னொருத்தி, உப்புத் தண்ணிக்கு எது பிடிக்கும் என்று கேட்டாள். பிறகு எல்லாரும் கேட்டார்கள். அவள் மைக்கை மேசையில் வைத்துவிட்டுச் சாதாரணக் குரலில் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். அம்மணி தன்னுடைய போனைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

என் பக்கத்தில் இருந்த பெண் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். நடுவில் என்னிடம் குனிந்து, “நீங்களும் அவ ஊருதானே? நீங்களும் பயிர் செய்றீங்களா?” என்று கேட்டாள்.

“வளவு மட்டும்தான் என்ட,” என்றேன். “பயிர் அவட.”

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினாள்.